வலிக்கு இரு மருந்து



ஒகேனக்கல் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் கண்முன் நிற்பது காவிரியின் அருவி. தருமபுரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பென்னாகரத்துக்கு அப்பால், காட்டையும் குன்றையும் கடந்து வரும் ஆறு இங்கே பாறைகளின் இடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுகின்றது. விழும் நீரிலிருந்து எழும் திவலை புகைபோல் தோன்றுவதால், 'புகையும் கல்' என்னும் பொருள்பட இவ்விடத்துக்குக் கன்னடத்தில் பெயர் அமைந்தது என்பர். அருவியைக் காணவும், பரிசலில் செல்லவும், பொரித்த மீனை உண்ணவும் மக்கள் இங்கே திரள்கின்றனர். ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அருவியின் அழகு அன்று. மனிதனுடைய வலியைப் பற்றிப் பேசவே வந்திருக்கின்றேன்.

வலிக்கும் ஒகேனக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று, அருவிக்கரைப் பாறைகளின்மேல் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் தொழிலாளரின் கை. மற்றொன்று, அதே ஆற்றிலிருந்து நீரை எடுத்து ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் குழாய். முன்னது வலியைத் தணிக்கின்றது. பின்னது வலியின் காரணத்தை அகற்ற முயல்கின்றது. இவ்விரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்ளும்போது, துன்பப்படுகிறவர் தொடர்ந்து துன்பப்படுகின்றார். இதனை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் தேய்க்கும் கையைப் பார்ப்போம். ஒகேனக்கல்லுக்கு வருவோரில் பலர் எண்ணெய்க் குளியலுக்கென்றே வருகின்றனர். பகலெல்லாம் மூட்டை சுமந்தவர், வண்டி ஓட்டி இடுப்பு நொந்தவர், வயலில் குனிந்து நின்று முதுகு பிடித்துக்கொண்டவர் எனப் பலரும் பாறையின்மேல் படுத்துக்கொள்ளுகின்றனர். தொழிலாளி தலை முதல் கால் வரை எண்ணெய் வைத்துத் தேய்த்து, தட்டி, உருவி, பிசைந்து விடுகின்றார். பிறகு அருவியில் குளித்து எழுந்தவர், "வலி பாதி குறைந்துவிட்டது" என்று சொல்லுகின்றார். இது வெறும் மனப்பிரமையா, அல்லது உடம்பில் உண்மையாகவே ஏதேனும் நிகழ்ந்ததா? இந்த எளிய கேள்விக்கு ஏற்ற விடையை விஞ்ஞானம் நெடுங்காலம் வரையில் தரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட் என்பவர், வலியை ஓர் ஆலய மணிக்கு ஒப்பிட்டார். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கின்றது. அதுபோலக் காலில் தீப் பட்டால் நரம்பாகிய கயிறு இழுக்கப்பட்டு, மூளையில் வலி என்னும் மணி ஒலிக்கின்றது என்றார். இக்கருத்து தெளிவானது, எவருக்கும் எளிதில் விளங்கக்கூடியது. ஆகவே மருத்துவ உலகத்தில் அது மிக நீண்ட காலம் நிலைத்து நின்றது. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்பதே அதன் சாரம்.

ஆனால், மனிதருடைய அனுபவம் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர், கடுமையாகக் காயமுற்று முன்னணி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவரப்பட்ட வீரர்களை விசாரித்தார். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டும் என்றவர் சுமார் நால்வரில் ஒருவரே. 1946-ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டபோது பலரும் வியந்தனர். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டோம் என்னும் எண்ணமே அவ்வீரர்களின் வலியை மாற்றியது என்று அவர் கருதினார். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. காலை முழங்காலுக்குமேல் எடுத்துவிட்ட பிறகும், இல்லாத பாதத்தில் எரிச்சலும் குடைச்சலும் இருப்பதாகச் சொல்லுவோர் பலர். காயம் பெரிது, வலி சிறிது. உறுப்பே இல்லை, வலியோ பெரிது. கயிறும் மணியும் இதற்கு என்ன சமாதானம் சொல்லும்?

1965-ஆம் ஆண்டில் ஒரு புதிய விளக்கம் பிறந்தது. கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்ட் மெல்ஸாக், ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் பாட்ரிக் வால் ஆகிய இருவரும் 'சயன்ஸ்' என்னும் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் கூறியதை நம் நாட்டு உழவருக்கு விளக்குவது எளிது. ஏரியிலிருந்து வரும் தண்ணீர் வயலை அடையுமுன் மதகு ஒன்றைக் கடக்க வேண்டும் அல்லவா? மதகு திறந்திருந்தால் நீர் பாயும், சற்றே இறக்கினால் குறையும், மூடினால் நிற்கும். அதுபோலவே, உடம்பிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்தியும் முதுகுத் தண்டுவடத்தில் ஒரு மதகைக் கடக்கின்றது என்றனர்.

அந்த மதகைத் திறப்பவை எவை, மூடுபவை எவை? நம் தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்பு நார்களில் பருமனானவையும் உண்டு, மெல்லியவையும் உண்டு. தொடுதல், வருடுதல், அழுத்துதல் ஆகியவற்றைப் பருமனான நார்கள் மிக விரைவாகக் கொண்டுசெல்லும். வலியைக் கொண்டுசெல்லுபவை மெல்லிய நார்கள். அவற்றுள்ளும் மிக மெல்லியவற்றில் செய்தி விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் நடந்துதான் செல்லுகின்றது. கால் விரல் வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென ஒரு வலியும், சிறிது பொறுத்து ஆழமாக நோகும் மற்றொரு வலியும் தோன்றுவது இதனாலேதான். ஒன்று விரைந்து செல்லும் நாரின் செய்தி, மற்றது மெதுவாக வரும் நாரின் செய்தி. இடித்த இடத்தை உடனே கையால் தேய்க்கின்றோம். அப்போது பருமனான நார்கள் விழித்தெழுந்து மதகை இறக்குகின்றன; வலிச் செய்தி குறைந்து செல்லுகின்றது.

தவறி விழுந்து தலையில் புடைத்துக்கொண்ட குழந்தையை அள்ளியெடுத்து, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று தேய்த்துவிடும் தாய்க்கு இந்த நரம்பு நூல் எதுவும் தெரியாது. ஒகேனக்கல் பாறையில் முதுகைப் பிடித்துவிடும் தொழிலாளிக்கும் தெரியாது. ஆயினும் அவர்கள் கை செய்வது வீண் வேலை அன்று என்பதை 1965-ஆம் ஆண்டின் கட்டுரை காட்டியது. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதன் நுணுக்கங்கள் சிலவற்றைத் திருத்தினர்; ஆனால், வலிச் செய்தி வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகின்றது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. தோலின்மேல் மெல்லிய மின்சாரம் செலுத்தி வலியைக் குறைக்கும் சிறு கருவிகள் இன்று பல சிகிச்சை நிலையங்களில் இருக்கின்றன. அவை இந்தக் கொள்கையின் வழி வந்தவையே.

மதகை மூடும் கை வெளியில் மட்டும் இல்லை. மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி அதனை இறக்க வல்லது. 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகியோர், அபினியைப்போல் வேலை செய்யும் பொருள்கள் மூளையிலேயே சுரப்பதைக் கண்டறிந்தனர். கசகசாச் செடியின் பால் மனிதனுடைய வலியை ஏன் தணிக்கின்றது என்பது அப்போது விளங்கியது. நம் உடம்பு தனக்கென்று வைத்திருக்கும் பூட்டுக்கு அச்செடியின் சாறும் ஒரு சாவியாகப் பொருந்துகின்றது. போர்வீரரின் அனுபவத்துக்கும் இதிலிருந்து ஓரளவு விளக்கம் கிடைத்தது. அச்சமும் தனிமையும் கவலையும் வலியைக் கூட்டும். ஆறுதலும் நம்பிக்கையும் அதனைக் குறைக்கும். இது கவிஞர் கற்பனையன்று, உடற்கூற்றின் உண்மை.

இன்னொரு கண்டுபிடிப்பு நம் சமையலறையோடு தொடர்புடையது. மிளகாய் கிள்ளிய கை எரிகின்றது. ஆனால், அங்கே தீ இல்லை, சூடும் இல்லை. பின் ஏன் எரிகின்றது? 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவரோடு பணியாற்றியவரும் இதற்கு விடை கண்டனர். நரம்பு நுனியில் ஒரு நுண்ணிய வாயில் உண்டு. சுமார் 43 பாகை வெப்பத்துக்குமேல் அது திறந்து, 'சுடுகின்றது' என்று செய்தி அனுப்பும். மிளகாயின் காரச் சத்தும் அதே வாயிலைத் திறந்துவிடுகின்றது. எனவே மூளை தீயென்றே எண்ணிக்கொள்ளுகின்றது. அந்த வாயிலை அடிக்கடி தூண்டினால் அது களைத்துப் போவதால், மிளகாய்ச் சத்துக் கலந்த களிம்பையே சிலவகை நரம்பு வலிக்கு மருந்தாக இடுகின்றனர். தொடு உணர்ச்சியின் வாயிலைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியான் என்பவரோடு ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனை நுட்பம் கண்ட பிறகும், வலியை அளக்கும் கருவி ஒன்றை விஞ்ஞானம் நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து வைக்கவில்லை. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் கருவி உண்டு. வலிக்கோ, வலிக்கிறவரின் சொல்லே அளவுகோல். மெல்ஸாக் இதனை நன்கு உணர்ந்திருந்தார். நோயாளிகள் வலியை வருணிக்கும் சொற்களையெல்லாம் திரட்டி, இனம் பிரித்து, 78 சொற்கள் கொண்ட ஒரு வினாத்தாளை அவர் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்வகையில் தமிழ் எவ்வளவு வளமுடையது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, விண்விண்ணென்று தெறித்தல் என்று நம் பாட்டிமார் வேறுபடுத்திச் சொல்லுவதை வைத்தியர் செவிகொடுத்துக் கேட்டால், நரம்பின் நோவா, தசையின் நோவா, மூட்டின் நோவா என்பதில் பாதி தெளிந்துவிடும். கேட்பதற்குப் பொறுமைதான் வேண்டும்.

அப்பொறுமை பல வேளைகளில் கிடைப்பதில்லை. முதியவர் முழங்கால் நோகிறதென்றால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். பெண்கள் இடுப்பு நோகிறதென்றால், வீட்டு வேலைக்கு அஞ்சிச் சொல்லுவதாகக் கருதுவோரும் உண்டு. பச்சிளங் குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினர். குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலித் தணிப்பு இன்றியே அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த ஆனந்த் என்னும் இந்திய மருத்துவர், வலித் தணிப்பு மருந்து தரப்பட்ட குழந்தைகளே சிகிச்சையின் அதிர்ச்சியை நன்கு தாங்குகின்றன என்று 1987-ஆம் ஆண்டில் காட்டிய பின்னரே உலகம் கண் விழித்தது. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020-ஆம் ஆண்டில் வலியின் இலக்கணத்தைத் திருத்தி அமைத்தபோது, வலிக்கின்றது என்று ஒருவர் சொல்லுவதை மதிக்கவேண்டும் என்பதையும், சொல்ல இயலாதவருக்கும் வலி உண்டு என்பதையும் சேர்த்தே எழுதியது.

அப்படியானால் வலி என்பது ஒழிக்கவேண்டிய பகைதானா? வலியே இல்லாத வாழ்வு இன்ப வாழ்வாகுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் நம் தமிழ்நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பணியாற்றியவர். பால் பிராண்ட் என்னும் அந்த மருத்துவர், பாதிரியார் குடும்பத்தின் மகனாக 1914-ஆம் ஆண்டில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். இங்கிலாந்தில் படித்து, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் எல்லாரும் எண்ணியிருந்தனர். பிராண்ட் அதனை ஏற்கவில்லை. நோயாளிகளின் கைகளையும் அன்றாட வேலைகளையும் பொறுமையுடன் கவனித்தார்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவரால் இயலவில்லை. அருகில் நின்ற சிறுவன், தொழுநோயாளி, சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று வியந்த மருத்துவர் தரையில் இரத்தத் துளியைக் கண்டார். சாவி சிறுவனின் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவில்லை. மற்றவர் வலி கண்டவுடன் கையை எடுத்துவிடுவர். அவனுக்கு நிறுத்தச் சொல்லும் குரல் உள்ளே இல்லை. தொழுநோய்க் கிருமி நரம்பை அழித்து வலியைப் போக்கிவிடுகின்றது. வலி போனதால் சூடும் காயமும் தெரியாமல் விரல்கள் கெடுகின்றன என்று பிராண்ட் தெளிந்தார். முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியதோடு, காயம் படாமல் காத்துக்கொள்ளவும் நோயாளிகளுக்குக் கற்பித்தார்.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் நிலையத்துக்குச் சென்ற பின், அவர் செயற்கையாக வலி ஒன்றை உண்டாக்க முயன்றார். கையுறையிலும் செருப்பிலும் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தினார். அபாயம் நேர்ந்தால் ஒலி எழும். ஆனால், செய்து முடிக்கவேண்டிய வேலை கையில் இருக்கும்போது நோயாளிகள் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. அலட்சியப்படுத்த முடியாதது எதுவோ அதுவே வலி. துன்புறுத்தாத எச்சரிக்கையை மனிதன் கேட்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். இன்று நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தோர் நம் ஊர்களில் ஏராளம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, வேலூரில் தொழுநோயாளரிடம் கற்ற பாடத்தோடு ஒத்ததேயாகும்.

ஆகவே வலி ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேட்டவன் காரணத்தைத் தேடவேண்டும். இங்கேதான் ஒகேனக்கல்லின் இரண்டாவது மருந்துக்கு வருகின்றேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில், தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்துவந்த மக்களுக்கு ஒருவகை மூட்டு வலி உண்டு. காலையில் எழுந்தால் இடுப்பு வளையாது, கழுத்துத் திரும்பாது, முழங்கால் மடங்காது. சிறுவர் பற்களில் மஞ்சளும் பழுப்புமான கறைகள் தோன்றும். நிலத்தடிப் பாறைகளிலிருந்து நீரில் கரையும் புளோரைடு என்னும் உப்புச் சத்து அளவுக்கு மிஞ்சிப்போவதே இதற்குக் காரணம். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்குமேல் அது இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கட்டியுள்ளது. மிகுதியாக உட்சென்ற புளோரைடு எலும்பில் தங்கி, அதனைத் தடிக்கச் செய்து, எலும்புகளை இணைக்கும் நார்களையும் கல்லாக்குகின்றது. புளோரோசிஸ் என்னும் இந்நோயைச் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினர்.

இந்நோயின் கொடுமை, அது வேறு நோயைப்போல் தோன்றுவது. தொடக்கத்தில் சாதாரண வாத நோவு போலவே இருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் தணியும். மாத்திரை விழுங்கினால் ஒரு பொழுது அடங்கும். ஒகேனக்கல் பாறையில் படுத்து எழுந்தவர் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பி, தாகத்துக்கு அதே கிணற்று நீரைக் குடிப்பார். மதகை மூடும் கை மேலே வேலை செய்துகொண்டிருக்க, கீழே எலும்பில் நஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். எலும்பு ஒருமுறை தடித்து முடங்கிவிட்டால் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. நல்ல நீர் ஒன்றே காப்பு.

அந்த நல்ல நீர் அருகிலேயே காவிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதனை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்ல, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தொடங்கிவைக்கப்பட்டது. புளோரோசிஸ் நோயைத் தணித்தல் என்னும் நோக்கம் அத்திட்டத்தின் பெயரிலேயே சேர்க்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. வலி ஆராய்ச்சியென்றால் நுண்ணோக்கியும் மின்கருவியும் மட்டும் அல்ல. நீரைச் சோதித்து, குழாய் பதித்து, வீட்டு வாசலில் திறந்துவிடுவதும் வலியை நீக்கும் விஞ்ஞானமே. ஆனால், குழாய் நீரைப் பாத்திரம் கழுவவும், ருசிக்காகக் கிணற்று நீரைக் குடிக்கவும் வைத்துக்கொண்டால் பயன் கிட்டாது. குறிப்பாக, பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் குடிக்கவும் சமைக்கவும் நல்ல நீரே வேண்டும்.

இதைக் கேட்டு, காரணத்தை அகற்றுவதே மருத்துவம், வலியைத் தணிப்பது வெறும் பூச்சு என்று முடிவு கட்டுவோர் உண்டு. அதுவும் பிழை. காரணம் தெரிந்தும் அகற்ற இயலாத வலிகள் பல. முன்பே எலும்பு முடங்கிய முதியவருக்கு இன்று நல்ல நீர் வந்தாலும் நேற்றைய நோவு போய்விடாது. முற்றிய புற்று நோயாளியின் நிலை இன்னும் கொடியது. அவருடைய வலி எதனையும் எச்சரிக்கவில்லை. செய்தியைச் சொல்லி முடித்த பின்னும் ஓயாமல் அடிக்கும் மணி அது. அங்கே வலியைத் தணிப்பதே மருத்துவரின் முழுக் கடமை.

அதற்கு மருந்தும் உண்டு. அபினியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் பிரித்தெடுத்த மார்பின், இன்றும் கடும் வலிக்குச் சிறந்த மருந்துகளுள் ஒன்று. மருந்துக்கான அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கடும் தண்டனைகளுக்கும் பல உரிமச் சீட்டுகளுக்கும் அஞ்சி, ஆஸ்பத்திரிகள் அம்மருந்தை வைத்திருக்கவே தயங்கின. விளையும் நாட்டிலேயே நோயாளி வலியால் துடித்தார். கேரளத்து மருத்துவர் ராஜகோபாலும் அவர் நண்பர்களும் 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலித் தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவி, சட்டத்தைத் திருத்தவேண்டி இடைவிடாது முயன்றனர். 2014-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. இவ்வகை மருந்துகளை வரையறையின்றி வழங்கிய அமெரிக்காவில் பெருந்துன்பம் விளைந்ததையும் நாம் மறத்தல் ஆகாது. அளவறிந்து தருவதே அறிவு. அச்சத்தால் தராமலே இருப்பது அறிவன்று.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றபோது, படுக்கையில் கிடப்போருக்கு வீடு தேடிச் சென்று வலித் தணிப்புச் சேவையும் உடலியக்கச் சிகிச்சையும் தருவது அதன் பணிகளுள் சேர்க்கப்பட்டது. நடக்க இயலாதவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், ஆஸ்பத்திரி அவரிடம் செல்லுவதே முறை.

நேயர்களே, உங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்ல விரும்புகின்றேன். உழைப்பால் வந்த தசை நோவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுவது நல்லதே; அதன் பயன் பெரும்பாலும் சில நாளைக்கே என்பதை அறிந்துகொண்டால் போதும். ஆனால், விழுந்து அடிபட்டு எலும்பு முறிந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலும், மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலும், முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தாலும் உடம்பைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சு வலிக்கு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. ஊரில் பலருக்கு ஒரே வகையான மூட்டு நோவு இருந்தால், குடிக்கும் நீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், வள்ளுவர் நோயையும் அதன் முதற் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் தனித்தனியே எண்ணி ஆராயச் சொல்லுகின்றார். காரணத்தை அறிந்தால் தணிப்பு தானே வரும் என்றோ, தணித்துவிட்டால் காரணம் எதற்கு என்றோ அவர் சொல்லவில்லை. இக்கால ஆராய்ச்சியும் நமக்கு அதனையே கற்பிக்கின்றது. வலிக்கின்றது என்று ஒருவர் நம்மிடம் சொன்னால், முதலில் அதனை நம்புவோம். நம்பிய பின், இன்று இரவு அவர் தூங்குவதற்கு என்ன செய்யலாம் என்றும், நாளை இவ்வலி வராதிருக்க என்ன செய்யலாம் என்றும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். மருத்துவருக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல இவை. ஒரே வீட்டில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் உரியவை.